வட சென்னையிலிருந்து உலகச் சந்தைக்கு ஆடை விற்பது: பிற பண்பாட்டு வாடிக்கையாளரை அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளிலும், அவற்றுக்குத் தைத்துக் கொடுக்கும் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் யூனிட்டுகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: மொத்த வியாபாரிக்கு டஜன் கணக்கில் கொடுப்பதோடு நிற்காமல், வெளிநாட்டில் இருப்பவருக்கு நாமே நேரடியாக விற்க முடியுமா? முடியும். இணையத்தில் கடை திறப்பதும், பார்சல் அனுப்புவதும், பணம் பெறுவதும் முன்பைவிட எளிதாகிவிட்டன. நாம் பார்த்திராத ஊரில், நாம் போயிராத விசேஷத்துக்கு ஒருவர் என்ன உடுத்துவார், யாருக்காக உடுத்துவார் என்று அறிந்துகொள்வதுதான் கடினமான வேலை. இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

இப்பகுதிக்கு இது புதிய தொழிலும் அல்ல. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்குத் துணி வாணிபமே முதன்மைக் காரணம். ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர், திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. இன்னும் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டி, தென்கிழக்காசியச் சந்தைக்கு வண்ணத் துணிகளை ஏற்றி அனுப்பினார்கள். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலி இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று பழவேற்காட்டின் பெயரோடு விற்கிறது.

எல்லாவற்றையும்விட நமக்குப் பாடமாக இருப்பது மெட்ராஸ் கட்டத் துணி. இங்கே அது லுங்கி; வீட்டில் கட்டுவது, வேலைக்குக் கட்டுவது. அமெரிக்காவில் அதே கட்டம் 1950-களிலும் 60-களிலும் வசதி படைத்த கல்லூரி மாணவர்களின் கோடைக்காலச் சட்டையாகவும் கோட்டாகவும் ஆனது. அங்கே துவைத்தபோது சாயம் கலைந்து ஓடியதால் முதலில் புகார்கள் எழுந்தன. பிறகு விளம்பரக்காரர்கள் அந்தச் சாயம் போவதையே கைத்தறியின் தனிச்சிறப்பாக முன்வைத்து, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று எழுதி விற்றார்கள். நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களிடம் இந்தத் துணி 'இஞ்சிரி' என்ற பெயரில், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் இடம்பெறும் மரியாதைக்குரிய துணியாக இருக்கிறது. அங்குள்ள பெண்கள் ஊசி முனையால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, அதை உருவி எடுப்பார்கள். இப்படியே இழை இழையாக எடுத்து, நாம் நெய்து அனுப்பிய கட்டத்துக்குள்ளேயே தங்களுக்கான புதிய கோலம் ஒன்றை உருவாக்கிவிடுவார்கள். நெசவு ஒன்று, வாழ்க்கை மூன்று. வாங்குபவர் நம் துணிக்காக வருவதில்லை, தன் விசேஷத்துக்காக வருகிறார் என்பதே கீழே உள்ள படிகள் அனைத்துக்கும் அடிப்படை.

முதல் படி: நாட்டை விட்டு, ஒரு சமூகத்தின் ஒரு விசேஷத்தைத் தேர்ந்தெடுங்கள்

"மலேசியாவுக்கு அனுப்புகிறேன்" என்பது திட்டமாகாது. மலேசியாவில் மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் என்று மூன்று பெரிய சமூகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பண்டிகை வேறு, உடல் மறைப்பு பற்றிய எதிர்பார்ப்பு வேறு, நிற விருப்பம் வேறு. "கிள்ளானில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் தீபாவளி" என்றோ, "கோலாலம்பூரின் மலாய்க் குடும்பங்களின் நோன்புப் பெருநாள்" என்றோ குறுக்கிக்கொண்டால் மட்டுமே அடுத்த கேள்விகளுக்குப் பதில் கிடைக்கத் தொடங்கும்.

நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பத்தினர் அனைவரும் ஒரே நிறத்தில் உடுத்துவது பரவலான வழக்கம். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நிற பாஜு மெலாயு, தாய்க்கும் மகளுக்கும் அதே சாயலில் பாஜு குரோங்; இரண்டும் மலாய் மரபு உடைகள். தீபாவளிக்கு இப்படி நிறம் பொருத்தி உடுத்தும் தமிழ்க் குடும்பங்களும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. நைஜீரியாவில் திருமணத்துக்கு உறவினரும் நண்பரும் ஒரே துணியில் உடை தைத்துக்கொள்வதற்கு 'அசோ எபி' என்று பெயர். இத்தகைய இடங்களில் விற்பனையின் அலகு ஒரு சட்டை அல்ல, ஒரு குடும்பம். நாம் பெண் குழந்தைகளின் பாவாடை சட்டையை மட்டும் 2 வயது முதல் 10 வயது வரை அழகாகத் தைத்து அடுக்கியிருப்போம். அங்குள்ள தாயோ அதே நிறத்தில் கணவருக்குக் குர்தா கிடைக்காததால் நம் இணையக் கடைப் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார். படமும் விலையும் தரமும் சரியாக இருந்தும் ஏன் விற்கவில்லை என்று குழம்பும் யூனிட்டுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரே லாட்டில் சாயமிட்ட துணியைக் குடும்பம் முழுவதற்கும் ஒதுக்கி வைப்பது கட்டிங் மேஜையில் தொடங்க வேண்டிய முடிவு. விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து இதைச் சரிசெய்ய முடியாது.

விசேஷத்தைத் தேர்ந்த பிறகு நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை தேடுங்கள். யார் உடுத்துகிறார்? யார் முன்னிலையில் உடுத்துகிறார்? யார் பணம் கொடுக்கிறார்? யாருக்குப் பிடிக்காவிட்டால் அந்த உடை அலமாரிக்குள்ளேயே தங்கிவிடும்? கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மணப்பெண்ணின் உடையில் மாமியாரின் கருத்துக்கு எடை உள்ள சமூகத்தில், விளம்பரம் பெண்ணிடம் மட்டும் பேசினால் போதாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சந்தைப்படுத்தல் பாடங்களில் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் அளவுகோல்கள் அதிகம் பேசப்படும். ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் 1967-க்கும் 1973-க்கும் இடையில் எடுத்த கருத்துக் கணிப்புகளைக் கொண்டு, நாடுகளைத் தனிமனித நோக்கு, அதிகார இடைவெளி போன்ற அச்சுகளில் அவர் ஒப்பிட்டார். எதைக் கேட்க வேண்டும் என்று நினைவூட்ட அந்த அட்டவணை உதவும். பதிலாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாட்டின் சராசரியை வைத்து அந்நாட்டின் ஒரு தெருவில் உள்ள ஒருவரை அறிய முடியாது. இந்தியாவின் சராசரி என்று ஒன்றைச் சொல்லி, அதை வைத்து ராயபுரத்து மீனவக் குடும்பத்துக்கும் சௌகார்பேட்டை மார்வாடிக் குடும்பத்துக்கும் ஒரே திருமண உடையை யாராவது விற்க வந்தால் நாம் எப்படிப் பார்ப்போம் என்று எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

இரண்டாம் படி: அந்த ஊரின் கண்ணைக் கடன் வாங்குங்கள்

நெதர்லாந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. ஜாவா மக்களின் பாத்திக் துணியை இயந்திரத்தில் அச்சிட்டு இந்தோனேசியாவில் விற்பதே டச்சுக்காரர்களின் தொடக்க நோக்கம். அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலோ பெரும் வரவேற்பு கிடைத்தது. அந்தச் சந்தையை வளர்த்ததில் பெரும்பங்கு டோகோ நாட்டின் லோமே நகரத்துப் பெண் வியாபாரிகளுடையது. எந்த வடிவம் போகும், எந்த நிறம் நிற்கும் என்று நிறுவனத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள். துணிக்கு எண் மட்டுமே இருந்த இடத்தில், குடும்பச் சண்டை, காதல், பழமொழி ஆகியவற்றிலிருந்து பெயர் சூட்டி, பெண்கள் அந்தத் துணியால் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ளும் நிலையை உருவாக்கியவர்களும் சந்தைப் பெண்களே. மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்ததால் 'நானா பென்ஸ்' என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள்.

நமக்கு இதன் பொருள் எளிது: அந்த ஊரில் வாழும், அந்த விசேஷத்துக்குத் தானே உடுத்தும் இருவரையாவது தேடி, அவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். இலவசமாகக் கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதிலே வரும். சாம்பிளை அனுப்பி, உடுத்திப் பார்க்கச் சொல்லி, உட்கார்ந்தும் எழுந்தும் கையைத் தூக்கியும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பு விலையைச் சொல்லாமல், இந்த உடையை எந்த நாளில் போடுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் திருமணத்துக்கென்று தைத்ததை அவர் இரவு உடை என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரு பதில் நூறு பீஸின் நட்டத்தைத் தவிர்த்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலை பார்த்தால் அவர்களிடம் கேட்கலாம். ஆனால் விற்க நினைப்பது அந்நாட்டின் வேறொரு சமூகத்துக்கு என்றால், நம் பிள்ளையின் பார்வையும் வெளியாள் பார்வைதான்.

மூன்றாம் படி: அளவு

திருப்பி அனுப்பப்படும் ஆடைகளுக்கு முதன்மையான காரணம் அளவு. எம்.சி. ரோட்டில் எம், எல், எக்ஸெல் என்று நாம் ஒட்டும் எழுத்துக்கு எல்லை தாண்டினால் பொருள் இல்லை. அமெரிக்காவில் 8 என்று குறிக்கப்படும் பெண்கள் அளவு பிரிட்டனில் 12, ஜெர்மனியில் 38, பிரான்சில் 40, இத்தாலியில் 44. ஜப்பானில் 7, 9, 11 என்ற வரிசை தனி.

சீனச் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தால் 165/88A என்பதைப் போன்ற குறி இருக்கும். முதல் எண் உயரம், சென்டிமீட்டரில். இரண்டாவது மார்புச் சுற்றளவு. கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் உடல்வாகு. இந்தக் குறியின் சிறப்பு, அது உடுத்துபவரின் உடலை அளக்கிறது, உடையை அல்ல. நம் அளவு அட்டையில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதால்தான் சிக்கல் வருகிறது. உடல் அளவைத் தனியாகவும், மேஜையில் விரித்து வைத்து அளந்த உடையின் அளவைத் தனியாகவும், சென்டிமீட்டரிலும் அங்குலத்திலும் கொடுங்கள். மார்பு, தோள், கை நீளம், முன்பக்க நீளம் ஆகிய நான்கும் கட்டாயம். மாடலின் உயரத்தையும் அவர் அணிந்திருக்கும் அளவையும் படத்தின் கீழ் எழுதுங்கள்.

நீளம் என்பது பண்பாடும் கூட. வளைகுடாவிலும் இந்தோனேசியாவிலும் பெண்கள் மேலாடை இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், கை மணிக்கட்டைத் தொட வேண்டும், துணி உள்ளே தெரியாத அளவுக்குக் கனமாகவும் வெயிலுக்கு லேசாகவும் இருக்க வேண்டும் என்ற தேவை பெரிய சந்தையையே உருவாக்கியிருக்கிறது. யூனிக்லோ நிறுவனம் ஹனா தாஜிமா என்ற வடிவமைப்பாளருடன் 2015-இல் இத்தகைய ஆடைகளை வெளியிட்டது. நைக்கி 2017-இல் விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஹிஜாபை அறிவித்தது. நம் தையல்காரர்களுக்கு முழுக்கைச் சுடிதார் தைப்பதில் நீண்ட பழக்கம் இருப்பதால், இந்தப் பிரிவில் வட சென்னை யூனிட்டுகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: நிறமும் குறியும்

இதைப் பற்றிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். பாதியை நம்ப வேண்டாம். வெள்ளை சீனாவில் துக்க நிறம் என்பது உண்மை, ஆனால் சீன மணப்பெண்கள் இன்று வெள்ளைக் கவுனும் அணிகிறார்கள், அதே நாளில் சிவப்புக்கும் மாறுகிறார்கள். கானாவில் சிவப்பும் கறுப்பும் இறுதிச் சடங்குக்கானவை. நம்மூர் கல்யாணப் பட்டின் அரக்குச் சிவப்பை அங்கே கொண்டாட்ட நிறம் என்று விளம்பரம் செய்யும் முன் இரண்டாம் படியில் சொன்னவர்களிடம் காட்டிவிடுங்கள். சீன ஆணுக்குப் பச்சைத் தொப்பி விற்க முயலாதீர்கள். மனைவி துரோகம் செய்தவன் என்ற பொருள் அதற்கு உண்டு.

எழுத்தும் குறியும் இன்னும் ஆபத்தானவை. அலங்காரம் என்று நினைத்து அரபு எழுத்தையோ சீன எழுத்தையோ பொருள் தெரியாமல் அச்சிடவே கூடாது. 1994-இல் ஷனேல் நிறுவனத்தின் கவுன் ஒன்றில் குர்ஆன் வசனம் பூவேலையாக இடம்பெற்றதால், அதன் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1997-இல் நைக்கி காலணியின் எழுத்துரு அரபு மொழியில் இறைவன் பெயரைப் போலத் தெரிகிறது என்ற எதிர்ப்பால், பல்லாயிரம் ஜோடிகள் திரும்பப் பெறப்பட்டன. நம் தெய்வப் படங்களை மிதியடியிலும் நீச்சலுடையிலும் பார்த்து நமக்கு மனம் புண்படுவதைப் போலத்தான் அவர்களுக்கும்.

ஐந்தாம் படி: படமும் பேச்சும் மரியாதையும்

2018 நவம்பரில் டோல்சே அண்டு கபானா என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் ஷாங்காய் நகரில் பெரிய ஆடைக் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. அதற்கு முன்னோட்டமாக வந்த காணொளிகளில் ஒரு சீனப் பெண் குச்சிகளால் பீட்சாவைச் சாப்பிடத் திணறுவதாகக் காட்டினார்கள். சீன மக்கள் கொதித்தெழுந்தார்கள், காட்சி ரத்தானது, அந்நாட்டு இணையக் கடைகள் அதன் பொருள்களை நீக்கின, உரிமையாளர்கள் இருவரும் காணொளியில் மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில், 'காட்டிலேயே கெத்தான குரங்கு' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் பொறித்த மேலாடையைக் கறுப்பினச் சிறுவனுக்கு அணிவித்து எடுத்த படத்துக்காக எச் அண்டு எம் நிறுவனம் உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. தென்னாப்பிரிக்காவில் அதன் கடைகளில் போராட்டம் நடந்தது. இந்த நிறுவனங்களுக்குப் பணமோ ஆளோ குறைவில்லை. வெளியிடும் முன் வேண்டாம் என்று சொல்லவும், சொன்னால் கேட்கப்படவும், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் அந்த அறையில் இருந்தாரா என்பதே கேள்வி. சிறு யூனிட்டில் இதற்குச் செலவே இல்லை. படம் வெளியாகும் முன் இருவர் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் மறுத்தாலும் படம் போகாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் மரபை நாம் எடுத்தாளும்போதும் இதே விதிதான். 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்டாஷியன் தன் உள்ளாடை நிறுவனத்துக்குக் 'கிமோனோ' என்று பெயர் வைத்தபோது ஜப்பானியர் எதிர்த்தார்கள், கியோட்டோ நகர மேயர் கடிதம் எழுதினார், பெயர் மாற்றப்பட்டது. 2025 ஜூனில் மிலான் நகரில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய செருப்பு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பே என்று நம் நாட்டில் குரல் எழுந்த பிறகே அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. அதில் நமக்கு வந்த கோபம் நியாயமானது; அதே நியாயம் நம்மையும் கட்டும். விசைத்தறிப் புடவையைக் காஞ்சிபுரம் என்று எழுதி வெளிநாட்டில் விற்பதும், ஆப்பிரிக்க அச்சு வடிவத்தைச் சூரத்தில் நகலெடுத்து 'அசல்' என்று விற்பதும் திருட்டுதான். எங்கே நெய்தது, யார் தைத்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

பேசும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானிலும் தாய்லாந்திலும் லைன், கொரியாவில் ககாவ் டாக், சீனாவில் வீசாட். வாட்ஸ்அப் எண் மட்டும் கொடுத்தால் அவர்களுக்குக் கதவு பூட்டியிருப்பதாகவே தெரியும்.

ஆறாம் படி: பணம், திருப்பி அனுப்புதல், நாட்காட்டி

பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் பழக்கம் நம்மைப் போலவே வளைகுடாவிலும் உண்டு. ஜெர்மனியில் பொருளைப் பார்த்துவிட்டு ரசீதின்படி பின்னர் செலுத்துவது பிடித்தமான முறை. இரண்டு அளவுகளை வாங்கி ஒன்றைத் திருப்புவது அங்கே தவறாகக் கருதப்படுவதில்லை. பிரேசிலில் சட்டைக்குக்கூடத் தவணை கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியவர் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே பின்வாங்கலாம் என்பது சட்டம். சென்னை வரை பார்சல் திரும்பி வரும் செலவு சட்டையின் விலையைத் தாண்டும் என்பதால், அங்கேயே பெற்றுக்கொள்ளும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளாமல் ஐரோப்பாவில் நேரடிச் சில்லறை விற்பனையைத் தொடங்காதீர்கள்.

நாட்காட்டியை விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 2025-இல் மார்ச் இறுதியில் வந்தது 2026-இல் மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடைக்காலம். நமக்கு ஆடித் தள்ளுபடி இருப்பதைப் போலச் சீனாவில் நவம்பர் 11. நம் பக்கத்துக் கணக்கையும் சேர்க்க வேண்டும்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கணேசபுரம் சுரங்கப்பாலத்தில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியிலிருந்து வண்டி நகராது, ஈரக் காற்றில் பேக் செய்த பருத்தி ஆடை கப்பலில் பூஞ்சை பிடிக்கும். ஜனவரி மாத விற்பனைக்கான பேக்கிங்கை அக்டோபர் பாதிக்குள் முடித்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை இடுவது நல்லது.

ஏழாம் படி: சட்டமும் லேபிளும்

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுங்கள். பின்னலாடை சுங்க அட்டவணையின் 61-ஆம் அத்தியாயத்திலும் நெய்த துணி ஆடை 62-ஆம் அத்தியாயத்திலும் வரும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனானது 2022 டிசம்பர் 29 முதலும் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் சுங்கத் தீர்வைச் சலுகைக்கு, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இழை விவரம் விற்கும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இழை விவரம், தயாரித்த நாடு, பொறுப்பான நிறுவனத்தின் அடையாளம் ஆகிய மூன்றும் கட்டாயம். அசோ வகைச் சாயங்கள் சில வெளியிடும் அமீன் என்ற தீங்கான வேதிப்பொருள்களுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு என்பதால், சாயப்பட்டறையிடம் சோதனைச் சான்று கேளுங்கள். குழந்தைகள் ஆடையின் தலைமறைப்பில் இழுக்கும் நாடா வைக்காதீர்கள். கழுத்தைச் சுற்றும் ஆபத்து என்று பல நாடுகள் அதைத் தடுக்கின்றன.

எட்டாம் படி: சிறிய அளவில் சோதித்து எழுதி வையுங்கள்

ஒரு விசேஷம், ஒரு வடிவம், மூன்று நிறம், ஐந்து அளவு. இதற்கு மேல் முதல் முறை வேண்டாம். ஒரே ஆடையை இரண்டு விதமாகப் படமெடுத்து, ஒன்றில் தனியாள், மற்றதில் குடும்பத்தோடு என்று காட்டி, எதற்கு அதிக விசாரிப்பு வருகிறது என்று பாருங்கள்.

யூனிட்டில் ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஊர், விசேஷம், கேட்ட கேள்வி, திருப்பி அனுப்பியிருந்தால் அவர் சொன்ன காரணம் ஆகியவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். 'பிடிக்கவில்லை' என்று நாமே சுருக்கி எழுதினால் பயனில்லை. "கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறது" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினால், கட்டிங் மாஸ்டர் அதைப் படித்தவுடன் பேட்டர்னில் எங்கே இரண்டு அங்குலம் சேர்க்க வேண்டும் என்று அறிந்துவிடுவார். அந்த நோட்டை அலுவலக மேஜையில் பூட்டி வைக்காமல் கட்டிங் மேஜைக்கு அருகிலேயே வையுங்கள். அடுத்த லாட் வெட்டும் முன் மாஸ்டரும், செக்கிங் பார்க்கும் அக்காவும், விற்பனை பார்ப்பவரும் சேர்ந்து அதைப் படித்து, மாற்ற வேண்டியவற்றை அன்றே பேட்டர்னில் குறித்துவிட வேண்டும்.